பழவங்காடியில் நீல ஈயும் நெருப்பு நரியும்

பிரௌசிங் சென்டர் என்பது, அமெரிக்காவில் எந்தக் கம்பெனி என்ன குளறுபடி செய்தாலும் திருவனந்தபுரத்தில் கவுண்டரில் இருக்கிறவள் திட்டு வாங்குகிற இடம். உங்களில் யாராவது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால் இதற்கு மேல் விளக்க வேண்டாம். உட்காராதவர்களும் எதிர்ப்பக்கத்து நாற்காலியில் இருந்திருப்பீர்கள். பாதி திறந்து நின்றுபோன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "டீச்சரே, இது வருமா வராதா?" என்று ஒரு தரமாவது கேட்டிருப்பீர்கள். கவுண்டரில் இருக்கிறவள் அங்கே எல்லாருக்கும் டீச்சர்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் இருபதுகள் போயின.

எனக்கு ஊர் மார்த்தாண்டம், பெயர் ஜெசிந்தா. கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் பழவங்காடியில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்த சென்டரில் சேர்ந்தேன். கீழே கணபதி கோயிலில் நாள் முழுக்கத் தேங்காய் உடையும். மேலே மோடம் கத்தும். முதலாளி மாதவன் நாயர், மஸ்கட்டில் 'கொறே கொல்லம்', அதாவது நிறைய வருஷம், வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். மெஷின் பழுதானால் வருகிறவன் அனில், நெய்யாற்றின்கரைக்காரன், என் வயசுதான். நாங்கள் மூன்று பேரும் அந்த மாடியில் எதைப் பற்றியெல்லாம் சண்டை போட்டோம் என்று இப்போது யோசித்தால், முக்கால்வாசிச் சண்டை பிரௌசரைப் பற்றித்தான்.

இடது, வலது

அப்போது இருந்தவை இரண்டு. ஒன்று நேவிகேட்டர். பெரிய 'N' எழுத்து, பக்கம் திறக்கும்போது அதற்குப் பின்னால் எரிநட்சத்திரங்கள் விழும். இன்னொன்று எக்ஸ்ப்ளோரர். நீல நிறத்தில் ஒரு 'e'. முதலாவதைச் செய்தது நேற்று முளைத்த கம்பெனி. இரண்டாவதைச் செய்தது கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருக்கும் ராட்சசக் கம்பெனி. வீட்டை விற்கிறவன் ஜன்னலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் ஜன்னல் மட்டும் விற்கிறவன் என்ன செய்வான் என்று அமெரிக்கக் கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. அனில் அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, நேவிகேட்டரைத்தான் வைக்க வேண்டும், அதுதான் நியாயம் என்றான். நான் எக்ஸ்ப்ளோரர் என்றேன். எனக்கு நியாயம் ஒன்றும் இல்லை. அது சீக்கிரம் திறந்தது, அவ்வளவுதான்.

மாதவன் நாயர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். பிறகு எல்லா மெஷினிலும் திரையின் இடது ஓரத்தில் நேவிகேட்டரையும் வலது ஓரத்தில் எக்ஸ்ப்ளோரரையும் வைக்கச் சொன்னார். எதற்கு இரண்டும், இடம் வீண்தானே என்று கேட்டேன்.

"மோளே, இது கேரளம். ஒரு பக்கம் மட்டும் வச்சா வர்றவன் பாதிப் பேரு படி ஏற மாட்டான். ரெண்டும் இருக்கட்டும், அஞ்சு கொல்லம் கழிச்சு அவனே மாத்திக் குத்துவான்."

எரிநட்சத்திரம்

கரமனையில் இருந்து பஸ் ஏறி வாரம் இரண்டு தரம் வருகிற சந்திரா மாமி எங்கள் முதல் நிரந்தர வாடிக்கை. அக்ரஹாரத்துக்காரர். ஸ்கூலில் இந்தி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே பையன் ரமணி கலிபோர்னியாவில். அவனுக்குக் கடிதம் எழுத வருவார். நிஜமான டீச்சர் அவர். அவரே என்னை டீச்சர் என்று கூப்பிடும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

முதல் நாள் நேவிகேட்டரில் உட்கார வைத்தேன். பக்கம் திறக்கத் தொடங்கியது. மாமி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வேப்பமரத்தைப் பார்த்தார். என்னவோ உடம்புக்கு முடியவில்லை என்று பயந்து தண்ணீர் எடுக்கப் போனேன். "ஒண்ணுமில்லடி, எரிநட்சத்திரம் விழறதைப் பாக்கப்படாது. பாத்துட்டா பச்சையா ஏதாவது மரத்தைப் பாக்கணும்," என்றார். இது படம்தான் மாமி என்றேன். படமானாலும் நட்சத்திரம் நட்சத்திரம்தானே என்றார். அன்று முதல் அவருக்கு எக்ஸ்ப்ளோரர்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். மாமி படியேறி வந்து, எப்போதும் உட்காரும் மெஷினுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தார். ரமணிக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரையின் இடது ஓரத்தைக் காட்டினார். நேவிகேட்டரைச் செய்கிற அதே இடத்தில்தான் அவனுக்கு வேலை. அன்றைக்கு அதைத்தான் திறந்து கொடுத்தேன். நட்சத்திரங்கள் விழுந்தன. மாமி கண்ணை மூடவில்லை. வேப்பமரத்தைப் பார்க்கவும் இல்லை. பக்கம் முழுக்கத் திறந்து நட்சத்திரம் நின்ற பிறகுதான் பேசினார்.

"ராத்திரி பகலா உக்காந்து எம்பிள்ளைதானே விழ வைக்கறான், அதுல என்னடி தோஷம்."

யார் பாஷை

அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு சில தளங்களில் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் தானாக இறங்கும். நேவிகேட்டரில் திறந்தால் வாலும் கொம்பும் முளைத்த ஏதோ குறிகள் வரிசையாக நிற்கும். இதைச் சரிசெய்கிறேன் என்று எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டீர்களோ, என் அனுதாபங்கள்.

கிழக்கேகோட்டை ஓட்டல் ஒன்றில் புரோட்டா போடுகிற சுடலைமுத்து, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். ஒரு மழைக்காலத்தில் பதறிக்கொண்டு மாடி ஏறினார். ஊரில் ஆறு கரை உடைத்துவிட்டது என்று யாரோ பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போன் போகவில்லை. பேப்பர் பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். காலியாக இருந்த மெஷினில் அவசரமாகத் திறந்து கொடுத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மலையாளப் பேப்பருல்லா, தமிழ்ல எடுங்க டீச்சர்," என்றார். பக்கத்து மெஷினில் இருந்த மலையாளப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "மலையாளமா? இது தமிழ் அல்லே சேட்டா?" என்றான். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அவசரத்தில் நேவிகேட்டரில் திறந்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே பக்கத்தை எக்ஸ்ப்ளோரரில் திறந்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தமிழாக மாறி நின்றன. தண்ணீர் புகுந்த ஊர்களின் பெயர்கள் இருந்தன. அவருடைய ஊர் அதில் இல்லை. சுடலைமுத்து மேலிருந்து கீழே மூன்று முறை படித்தார். நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மலையாளப் பையனுக்கும் விஷயம் புரிந்து, அவர் தோளில் தட்டினான். எழுந்து போகும்போது சுடலைமுத்து கொஞ்சம் சிரித்தார்.

"உசிரு போய் உசிரு வந்திட்டு டீச்சர். இனிமே எனக்கு அந்தப் பாஷையில மட்டும் சேதி காட்டாதீங்க."

அமெரிக்கா இல்லாத ஒன்று

ஒரு ஊர்வலம் முடிந்து, கொடியைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு ஓர் இளைஞர் உட்கார்ந்தார். "டீச்சரே, இந்த ரெண்டுல அமெரிக்கன் அல்லாத்தது ஏதாணு?" என்று கேட்டார். இரண்டும் அமெரிக்காதான் என்றேன். அவர் கையை மவுஸில் இருந்து எடுத்துவிட்டார். கொள்கை உள்ள மனிதர். எனக்கு மரியாதை வந்தது.

அனில் ஒரு மெஷினில் நார்வே நாட்டிலிருந்து வரும் ஒரு பிரௌசரைப் போட்டு வைத்திருந்தான்; சிவப்பு 'O' ஒன்று இருக்கும். அந்த மெஷினுக்கு அவரை அழைத்துப் போனேன். நார்வே என்றதும் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த பிரௌசரை ஓசியில் பயன்படுத்தினால் மேலே ஒரு பட்டையில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். அவர் உட்கார்ந்த நேரம், ஒரு பெரிய அமெரிக்க பர்கர் வந்து நின்று மினுங்கியது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்து, பழைய மெஷினுக்கே போய் நீல 'e'யைத் திறந்தார்.

"இவன் நேரடியா வர்றான். அவன் சுத்தி வர்றான். நேரடியா வர்றவனோட சண்டை போடுறதுதான் எளுப்பம்."

விற்றுப்போன கம்பெனி

நேவிகேட்டர் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்ற செய்தியை அனில்தான் கொண்டு வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான். ஒரு சாவு வீட்டுச் செய்தி மாதிரி. அதற்குப் பிறகு நேவிகேட்டரைக் குத்துகிறவர்கள் ஒவ்வொருவராக வலது பக்கம் நகர்ந்தார்கள். மாதவன் நாயர் சொன்ன அஞ்சு கொல்லம்கூட ஆகவில்லை. புதிய தளங்கள் பலவும் அதில் நொண்டியடித்துத்தான் திறந்தன.

சந்திரா மாமி மட்டும் அசையவில்லை. அவர் மெஷினில் நேவிகேட்டர்தான். கடிதப் பெட்டி திறக்க அது எடுக்கிற நேரத்தில் மாமி ஒரு விஷ்ணு சகஸ்ரநாமத்தில் கால்வாசி முடித்துவிடுவார். ரமணி அந்த வேலையை விட்டுவிட்டான், வேறு எங்கோ சேர்ந்துவிட்டான் என்று அவரே சொன்ன பிறகும் அதையேதான் கேட்டார். ஒரு நாள் பொறுக்காமல், "மாமி, ரமணியே அங்கே இல்லையே, இனி நீல ஈயில் பாருங்களேன்" என்றேன். எங்கள் சென்டரில் அந்த நீல எழுத்துக்குத் தமிழர்கள் வைத்த பெயர் ஈ. மலையாளிகளுக்கு ஈ என்றால் 'இந்த'. "ஈ திறக்கணும்" என்று சொன்னால் எந்த மொழியில் சொல்கிறார்கள் என்று யோசித்துத்தான் நான் எழுந்திருப்பேன்.

மாமி கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நிதானமாகச் சொன்னார்.

"அவன் படிச்ச ஸ்கூலையும் இடிச்சாச்சு. அதுக்காக அந்தத் தெரு வழியாப் போகப்படாதுன்னு உண்டோ?"

எந்த டிபார்ட்மென்ட்?

போட்டிக்கு ஆள் இல்லாமல் போனதும் நீல ஈ சோம்பேறியாகிவிட்டது என்று அனில் சொல்வான். வருஷக்கணக்கில் புதிதாக ஒன்றும் வரவில்லை. அதற்குள் இணையத்தில் இன்னொரு தொல்லை தொடங்கியது. ஒரு பக்கத்தைத் திறந்தால் அதன் மேல் தானாக ஒரு சின்ன ஜன்னல் முளைக்கும்: நீங்கள் பரிசு பெற்றுவிட்டீர்கள், உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, உடம்பு இளைக்க வேண்டுமா. அதை மூடினால் இரண்டு முளைக்கும். நீங்களும் மூடியிருப்பீர்கள். உங்கள் விரலும் தேய்ந்திருக்கும்.

செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆன தங்கப்பன் சார், தினமும் காலையில் குளித்துச் சந்தனம் தொட்டு வந்து உட்காருவார். அவர் எந்த ஜன்னலையும் படிக்காமல் மூடமாட்டார். ஒவ்வொன்றையும் தலைப்பில் இருந்து கடைசி வரை வாசித்து, 'வேண்டாம்' என்ற பொத்தான் இருந்தால் அதை மரியாதையாக அழுத்துவார். இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டு, "மோளே, இவரிடம் வேண்டான்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்பார். ஒரு மணி நேரம் முடிந்தபோது அவர் படிக்க வந்த செய்தி எல்லாவற்றுக்கும் அடியில் அப்படியே கிடந்தது. சார் சலித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது ரொம்பப் பழகிய வேலை மாதிரித்தான் இருந்தது. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார்.

"முப்பது கொல்லம் நான் ஃபைல் மூடினேன், ஒண்ணு மூடினா ரெண்டு வரும். இந்த எக்ஸ்ப்ளோரர் ஏது டிபார்ட்மென்டாணு?"

நரி நுழைந்த நாள்

அனில் ஒரு நாள் சி.டி. ஒன்றைக் கொண்டு வந்தான். அதில் இருந்தது ஃபயர்பாக்ஸ்: பூமி உருண்டையைச் சுற்றி வாலில் நெருப்போடு படுத்திருக்கிற நரி. கம்பெனி லாபத்துக்குச் செய்ததில்லை, உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று ஒரு பிரசங்கமே செய்தான். திருவனந்தபுரத்தில் அந்த நாட்களில் இப்படிப் பேசுகிறவர்கள் ஒரு கூட்டமே உண்டு. அனில் அவர்களின் கூட்டங்களுக்குத் தவறாமல் போவான். மாதவன் நாயருக்குச் சந்தேகம். ஓனர் இல்லாத சாமான், கெட்டுப்போனால் யாரிடம் போய்க் கேட்பது என்றார். அதோடு, கடையில் நரியைப் படமாக மாட்டுவதா என்றார்.

நான் குறுக்கே புகுந்து, "எங்க ஊர்ல நரி முகத்தில முழிச்சா யோகம்னு சொல்லுவாங்க சார்," என்றேன். விஷு அன்று கண் விழித்ததும் நல்லதைப் பார்க்கிற கணி காண்பதில் அவருக்கு நம்பிக்கை உண்டு. அரைமனதாக, சரி, ஒரு மெஷினில் மட்டும் என்றார். அந்த மெஷினில் முதலில் தங்கப்பன் சாரை உட்கார வைத்தோம். நரி அந்தக் குட்டி ஜன்னல்களையெல்லாம் வாசலிலேயே தடுத்துவிட்டது. சார் பத்தே நிமிஷத்தில் செய்தி படித்து முடித்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். என்ன சார், வேகம் எப்படி என்று அனில் ஆசையாகக் கேட்டான்.

"நல்லதாணு. ஆனா மோனே, இன்னிக்கு ஒரு ஆளும் என்னத் தேடி வரலியே."

மிச்சம்

இதை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. நரி வந்த வாரம் சந்திரா மாமி வந்தபோது, அனில் தற்செயலாக அங்கே இருந்தான். நேவிகேட்டர் இனி எந்தக் கடிதப் பெட்டியையும் சரியாகத் திறப்பதில்லை, இதைப் பாருங்கள் மாமி என்று நரியைக் காட்டினேன். மாமி வேண்டாம் என்று கை காட்டினார். அப்போது அனில், மலையாளத்தில், மெதுவாக ஒரு விஷயம் சொன்னான். அந்தப் பழைய கம்பெனி தோற்றுப்போகிற நேரத்தில், தான் எழுதி வைத்திருந்ததையெல்லாம் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் திறந்து கொடுத்துவிட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டு வேறு ஆட்கள் தொடங்கிய வேலைதான், பல வருஷம் கழித்து இந்த நரியாக வந்து நிற்கிறது.

மாமி அவனை உட்காரச் சொன்னார். "அப்போ ரமணி எழுதினது இதுக்குள்ள இருக்குமோ?" என்று கேட்டார். அனில் பொய் சொல்லத் தெரியாதவன். பெரும்பாலும் எல்லாவற்றையும் மாற்றி எழுதியாகிவிட்டது மாமி, இருந்தால் எங்கேயாவது ஒரு வரி, ரெண்டு வரி இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றான். நான் அவனை முறைத்தேன். இருக்கும் என்று சொன்னால்தான் என்ன குறைந்துவிடும். ரமணி ஊருக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கடிதங்களும் சுருங்கிச் சுருங்கி, 'நலம், பிஸி' என்று ஒரே வரியில் வந்துகொண்டிருந்தன. அவற்றை அச்செடுத்துக் கொடுக்கிறவள் நான். எனக்குத் தெரியும்.

மாமி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு வரி போறும்டா கொழந்தை. அவன் இப்போ எழுதறதே ஒரு வரிதான்."

சுவருக்குள் இருந்தது

நரி நன்றாக ஓடியதும் அனிலுக்கு வேகம் பிடித்துவிட்டது. வைரஸ் வருவதெல்லாம் நீல ஈ வழியாகத்தான் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்து, எல்லா மெஷினிலும் நரியை ஏற்றி, ஈயின் படத்தை எடுத்துவிட்டான். தேடினாலும் கிடைக்காதபடி செய்துவிட்டு, ஈ அடித்த சந்தோஷத்தோடு போனான். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம், மதியம் சாப்பாடு முடிந்த நேரம், விழிஞ்ஞத்தில் இருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். பெண்ணின் பெயர் சில்வி, நர்சிங் முடித்து ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. அப்பா கடலுக்குப் போகிறவர். அயர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. காலையிலேயே வர வேண்டியது. டியூட்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார்.

நரியில் அந்தத் தளத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வாக்கியம் வந்தது: இந்தத் தளம் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே இயங்கும். எக்ஸ்ப்ளோரரைத் தேடினேன். எந்த மெஷினிலும் இல்லை. வேறு சென்டருக்குப் போகச் சொல்லலாம் என்று பார்த்தால், அன்று ஏதோ ஊர்வலம். ரோட்டில் பஸ்ஸும் நகரவில்லை, பக்கத்துக் கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள். அனிலுக்குப் போன் செய்தேன். அவன் அவனுடைய கூட்டத்தில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும், நரிக்கு ஒரு துணைப் புரோகிராம் இருக்கிறது, அதைப் போட்டால் தளத்திடம் 'நான் எக்ஸ்ப்ளோரர்தான்' என்று சொல்லிவிடும் என்று வழி சொன்னான். அப்படியே செய்தேன். நரி ஈ வேஷம் போட்டது. தளம் நம்பித் திறந்தது.

சில்வி பெயர், படிப்பு, அனுபவம் எல்லாம் நிரப்பினாள். படத்தையும் ஏற்றினோம். கடைசியில் அனுப்பும் பொத்தானை அழுத்தினால், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். அந்தப் பொத்தானுக்கு நிஜமான ஈ வேண்டும்; வேஷம் போதாது. நாலரை தாண்டியிருந்தது. சில்வி அழவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "ஸாரமில்ல சேச்சி, அடுத்த தடவ பாக்கலாம்," என்றாள். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது அவள் அம்மாவின் முகத்தில் தெரிந்தது.

மறுபடி அனிலைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை நான் கொஞ்சம் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அவன் பக்கத்தில் யாரோ மைக்கில் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவன் வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. பிறகு சொன்னான். "ஜெசிந்தா, மை கம்ப்யூட்டரைத் திற. மேல அட்ரஸ் கட்டத்தில அந்தத் தளத்தின்ட பேரை அடி."

அது நம் கோப்புகளைப் பார்க்கிற இடம்; அங்கே எதற்கு இணைய முகவரி என்று புரியாமலே அடித்தேன். என் கண் முன்னால் அந்த ஜன்னல் அப்படியே எக்ஸ்ப்ளோரராக மாறியது. படத்தைத்தான் அனில் எடுத்திருந்தான். ஆள் உள்ளேதான் இருந்தான், சுவரோடு சுவராக. அந்த ராட்சசக் கம்பெனி கோர்ட்டில், கம்ப்யூட்டரில் இருந்து இதைப் பிரிக்க முடியாது என்று சொன்னபோது அனில் எத்தனை நாள் திட்டியிருக்கிறான். இப்போது அவனே வாசல் காட்டிக் கொடுத்தான். சில்வி எல்லாவற்றையும் முதலில் இருந்து அடித்தாள். நான் பக்கத்தில் நின்று சான்றிதழைப் பார்த்து எண்களைப் படித்துக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினாள். 'பெறப்பட்டது' என்று வந்தது. மணியை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அனில் மறுநாள் வந்து ஒரே ஒரு மெஷினில் நீல ஈயைத் திரும்ப வைத்தான். அதற்குக் கீழே 'அவசரத்துக்கு' என்று பெயரிட்டான். சில மாதம் கழித்து சில்வியின் அம்மா தனியாக மாடி ஏறி வந்தார். மகள் அயர்லாந்தில் இருந்து அனுப்பிய முதல் படத்தைத் திறந்து காட்டச் சொன்னார். பனியில் கோட்டு போட்டுக்கொண்டு சில்வி நின்றாள். அம்மா படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எந்தக் கம்பெனியின் பிரௌசரில் அந்தப் படம் வந்திருக்கிறது என்று அனில் ஆரம்பித்தான். நான் தடுப்பதற்குள் அவரே தடுத்துவிட்டார்.

"நரியும் இருக்கட்டும் மோனே, ஈயும் இருக்கட்டும். கடலுக்குப் போறவன் ஒத்த வள்ளத்த மட்டும் நம்பி இருக்கமாட்டான்."

அந்த மாடி இன்று ஒரு மொபைல் ரீசார்ஜ் கடை. யோசித்துப் பார்த்தால், உலகத்துக் கம்பெனிகளெல்லாம் அடித்துக்கொண்டு சும்மா கொடுத்த ஒரு சாமானுக்கு மணிக்கணக்குப் போட்டுக் காசு வாங்கியது நாங்கள் மட்டும்தான், ஆகவே அந்தச் சண்டையில் யார் தோற்றிருந்தாலும் எங்களுக்கு வருத்தம் இருந்திருக்க நியாயமே இல்லை.